ஆதார் நகல், கேட்டில் முகப்பதிவு: குடியிருப்போர் சங்கம் எதுவரை போகலாம்?

பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். அதன் சாரம் இது.

160 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் கணவர், இரண்டு பிள்ளைகளோடு வாடகைக்கு இருக்கிறார். பதினோரு மாத ஒப்பந்தம். அடுத்த புதுப்பிப்புக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அங்குள்ள குடியிருப்போர் சங்கம் அண்மையில் ஒரு கேட் ஆப்பையும், முகத்தைப் பார்த்துத் திறக்கும் கருவியையும் கொண்டுவந்தது. வாடகைதாரர்கள் குடும்பத்தில் உள்ள அத்தனை பேரின் ஆதாரையும் முன்னும் பின்னும் படமெடுத்துச் செக்ரட்டரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அவர் அதை ஒன்பது பேர் கொண்ட நிர்வாகக் குழுவின் குரூப்பில் போட்டுவிடுகிறார். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் ஆதாரோடு கைரேகையும் பதிய வேண்டும், போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். ஆப்பில் அவர்களுக்கு நட்சத்திரம் போடும் வசதியும் உண்டு.

வாசகி மறுத்தார். அதன்பின் அவர் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை இரண்டு நாள் கேட்டிலேயே நிறுத்தினார்கள். பார்சல்கள் மேலே வருவதில்லை. "போலீஸ் ஆர்டர்" என்கிறார் செக்ரட்டரி. "அனுசரிச்சுப் போங்க, இல்லைன்னா வேற வீடு பாருங்க" என்கிறார் ஓனர். "மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்" என்று சொல்லிவிட்டு, கணவர் தன்னுடையதையும் பிள்ளைகளுடையதையும் அனுப்பிவிட்டார். வேலைக்கு வரும் அம்மாவும் வேறு வழியில்லாமல் கைரேகை வைத்துவிட்டார்.

ஆதாரை யாருமே கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஆதார் எண் வெளியே போனால் வங்கிப் பணம் போய்விடும், புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நஷ்டஈடு கேட்கலாம் என்ற மூன்று நம்பிக்கைகளோடு, உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் நம்பியிருக்கும் மூன்றில் முதல் இரண்டும் பாதி உண்மை. மூன்றாவதாக நம்பியிருக்கும் சட்டம் இன்னும் முழுதாக நடைமுறைக்கே வரவில்லை, வந்தாலும் உங்கள் கையில் பணம் தராது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. தவறான சட்டத்தை வைத்து ஒரு கடிதம் எழுதினால், சங்கத்தின் வக்கீல் அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்.

ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். அடையாளச் சான்றைக் கேட்பது ஒன்று, கட்டாயப்படுத்துவது ஒன்று, வாங்கி வைத்துக்கொள்வது ஒன்று. உள்ளே வருபவர் யார் என்று கேட்க சங்கத்துக்கு நியாயமான தேவை இருக்கிறது, எந்த நீதிமன்றமும் அதைத் தவறென்று சொல்லாது. கட்டாயப்படுத்துவதில் அவர்கள் நிலை பலவீனம். வாங்கி வைத்துக்கொள்வதில்தான் மிக மிகப் பலவீனம். நீங்கள் முதல் இடத்தில் நின்று சண்டை போடுகிறீர்கள். மூன்றாவது இடத்துக்கு வாருங்கள்.

உச்ச நீதிமன்றம் சொன்னதும் சொல்லாததும்

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். அதே வழக்கின் தொடர்ச்சியாக 2018 செப்டம்பர் 26 அன்று வந்ததுதான் ஆதார் தீர்ப்பு. ஐந்து பேரில் நான்கு பேர் ஆதார் சட்டம் செல்லும் என்றார்கள். அரசு மானியங்களுக்கு ஆதார் கேட்கலாம், பான் எண்ணோடு இணைக்கச் சொல்லலாம். வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் கட்டாயம் என்பது போனது. தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதாரைப் பயன்படுத்த வழிவிட்ட 57ஆம் பிரிவும் அடிபட்டது. "யாருமே கேட்கக் கூடாது" என்று அந்தத் தீர்ப்பில் எங்கும் இல்லை.

அதற்குப் பிறகு 2019இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. ஒருவர் தாமாக முன்வந்து ஆதாரை அடையாளமாகக் காட்டலாம் என்று அது மறுபடி வழி திறந்தது. கூடவே 8ஏ என்ற பிரிவையும் சேர்த்தது. உங்களுக்கு உதவும் பிரிவு இதுதான். ஆஃப்லைனில், அதாவது ஆணையத்தின் சர்வரோடு இணையாமல், ஆதாரைச் சரிபார்க்க விரும்பும் எவரும் உங்கள் சம்மதத்தைப் பெற வேண்டும், எதற்காக என்று சொல்ல வேண்டும், ஆதார் தர விரும்பாவிட்டால் மாற்று வழி என்ன என்றும் சொல்ல வேண்டும். ஆதார் எண்ணையோ கைரேகை போன்ற உயிரளவுத் தகவலையோ எந்தக் காரணத்துக்காகவும் சேகரிக்கவோ, வைத்துக்கொள்ளவோ கூடாது.

"நாங்கள் சரிபார்க்கவில்லை, நகல்தான் வாங்கி வைக்கிறோம், எனவே 8ஏ எங்களைக் கட்டாது" என்று சங்கத்தின் தரப்பில் வாதம் வரும். வரட்டும். சரிபார்க்காத நகல் யாரையும் அடையாளம் காட்டாது என்பதுதான் அதற்கான பதில். ஆதார் படத்தில் பெயரையும் முகத்தையும் செல்போனிலேயே மாற்றிவிட முடியும். அட்டையிலுள்ள க்யூஆர் குறியை ஆதார் ஆணையத்தின் ஸ்கேனர் செயலியால் படித்து, உள்ளே இருக்கும் டிஜிட்டல் கையொப்பம் சரியா என்று பார்த்தால்தான் அது அசல். சரிபார்த்தால் வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்க்காவிட்டால் வைத்துப் பயனில்லை. செக்ரட்டரி இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும்.

இந்த விஷயத்தில் ஆணையமே தடுமாறியதுண்டு. 2022 மே மாதம் அதன் பெங்களூரு மண்டல அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், உரிமம் இல்லாத ஓட்டல்களும் திரையரங்குகளும் நகல் வாங்கக் கூடாது என்று அறிக்கை விட்டது. இரண்டே நாளில், மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி மத்திய அமைச்சகம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சரியான ஆலோசனை சொன்ன அறிக்கைதான் திரும்பப் போனது. பெரிய அமைப்புகள் தங்கள் திட்டத்தின் மீதான நம்பிக்கையைக் காப்பாற்ற நினைக்கும்போது, உங்கள் ஜெராக்ஸைக் காப்பாற்றும் வேலை உங்களுடையதாகிவிடுகிறது.

"போலீஸ் ஆர்டர்" என்றால் காட்டச் சொல்லுங்கள்

சில நகரங்களில் வாடகைதாரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று காவல்துறை உத்தரவு போடுவதுண்டு. பழைய 144, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163ஆம் பிரிவின் கீழ் போடப்படும் உத்தரவு இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது. மாநில அரசு தனியாக நீட்டித்தால் மேலும் ஆறு மாதம் வரை போகலாம். அத்தகைய உத்தரவு வழக்கமாக வீட்டு உரிமையாளரின் மீது கடமை சுமத்தும். விவரம் போக வேண்டிய இடம் காவல் நிலையம். ஒன்பது பேர் கொண்ட வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பச் சொல்லி எந்தக் காவல் ஆணையரும் உத்தரவு போடப்போவதில்லை.

செக்ரட்டரியிடம் உத்தரவின் எண்ணும் தேதியும் கேளுங்கள். தராவிட்டால், மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தின் (காவல் ஆணையரகம் இல்லாத ஊர் என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தின்) பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்டிஐ) கீழ் மனு போடுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். "ஏன்" என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். "இந்தத் தேதியில், இந்தக் காவல் நிலைய எல்லையில், வாடகைதாரரின் ஆதார் நகலைக் குடியிருப்போர் சங்கங்கள் சேகரிக்க வேண்டும் என்ற உத்தரவு ஏதேனும் நடைமுறையில் உள்ளதா? இருந்தால் அதன் நகல் தருக." இவ்வளவுதான். இதே ஆர்டிஐயைச் சங்கத்துக்கு அனுப்பிப் பயனில்லை. அது தனியார் அமைப்பு, அந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது.

எண் மட்டும் போனால் பணம் போகுமா?

போகாது. பன்னிரண்டு இலக்க எண்ணை மட்டும் வைத்து எவரும் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது. ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனையில், அதாவது கிராமங்களில் சிறிய கருவியில் விரல் வைத்துப் பணம் எடுக்கிறார்களே அதில், மூன்று விஷயம் வேண்டும்: ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை. ஓடிபி கிடையாது, பின் எண் கிடையாது. பத்திரங்களில் பதிந்திருந்த கைரேகையைப் படியெடுத்து, சிலிக்கானில் போலி விரல் செய்து பணம் எடுத்த மோசடிகள் நாட்டின் பல பகுதிகளில் பிடிபட்டிருக்கின்றன. ஆகவே எண்ணும் ரேகையும் ஒரே இடத்தில் சேரக் கூடாது. உங்கள் குடியிருப்பில் அவை ஒரே ஆப்பில் சேர்ந்திருப்பது வேலைக்கு வரும் பெண்களுக்குத்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் குடும்பத்துக்கு உண்மையான ஆபத்து வேறு. முகவரி, பிறந்த தேதி, புகைப்படம், எண் நான்கும் தெளிவாகத் தெரியும் படம் ஒன்பது செல்போன்களின் கேலரியில் கிடக்கிறது. அதை வைத்து உங்கள் கணவர் பேரில் சிம் வாங்கவோ, சின்னக் கடன் ஆப்பில் கடன் எடுக்கவோ முயற்சி நடக்கலாம். இன்றே செய்யக் கூடியவை இவை:

ஆதார் ஆணையத்தின் மை ஆதார் தளத்தில் உங்கள் செல்போனுக்கு வரும் ஓடிபி மூலம் உள்ளே போய், பயோமெட்ரிக் பூட்டைப் போடுங்கள். பூட்டியபின் கைரேகை, கருவிழி, முகம் எதைக் கொண்டும் ஆதார் சரிபார்ப்பு நடக்காது. வேண்டியபோது பத்து நிமிடத்துக்குத் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். அதே தளத்தில் கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் கிடைக்கும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பேரில் எத்தனை செல்போன் இணைப்பு இருக்கிறது என்று பாருங்கள், தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் தட்டலாம். சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவச அறிக்கை தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி வாங்கினால் ஆண்டு முழுக்கக் கண்காணிப்பு இருக்கும். கணக்கிலிருந்து பணம் போனதாகத் தெரிந்தால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைத்துவிட்டு, மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். தவறு உங்களுடையதாக இல்லாதபோது இழப்பு உங்கள் தலையில் விழாமலிருக்க ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் கெடு அது.

இனி யாருக்காவது ஆதார் நகல் தந்தே தீர வேண்டும் என்றால், முதல் எட்டு இலக்கங்கள் மறைந்த ஆதாரை அதே தளத்தில் பதிவிறக்கிக் கொடுங்கள். பிடிஎஃப் கடவுச்சொல் உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும் என்பது ஊருக்கே தெரியும், எனவே பூட்டிய கோப்பு என்று நம்பி அனுப்பாதீர்கள். அச்செடுத்து, குறுக்கே "இன்ன சங்கத்தின் வாடகைதாரர் பதிவுக்கு மட்டும்" என்று தேதியோடு பேனாவால் எழுதுங்கள். எழுத்து புகைப்படத்தின் மேலும் கொஞ்சம் ஏற வேண்டும், ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள்.

கேட்டில் இருக்கும் கேமராவின் கணக்கு

"99.9 சதவீதம் துல்லியம்" என்று கருவி விற்றவர் சொல்லியிருப்பார். எந்தச் சோதனையில் என்று கேட்டால் பதில் மாறும். ஒருவர் முகத்தை அவருடைய ஒரே படத்தோடு ஒப்பிடுவது வேறு. வந்து நிற்பவரை நூற்றுக்கணக்கான முகங்களோடு ஒப்பிட்டு யார் என்று தேடுவது வேறு. கேட்டில் நடப்பது இரண்டாவது. 160 வீட்டில் குடியிருப்போர், வேலையாட்கள், ஓட்டுநர்கள் எல்லாம் சேர்த்து 800 முகங்கள் பதிவாகியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஒப்பீட்டில் தவறாகப் பொருந்த வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்றே எடுத்துக்கொண்டாலும், முன்பின் தெரியாத ஒருவர் வந்து நின்றால் 800 ஒப்பீட்டில் எங்காவது பொருந்திவிடும் வாய்ப்பு ஏறக்குறைய 8 சதவீதம். நூறு அந்நியர் வந்தால் எட்டுப் பேருக்குக் கதவு திறக்கும். அதைக் குறைக்கக் கருவியை இறுக்கினால், தலைக்கவசம் கழற்றிய வேர்வை முகத்தோடும் புது மூக்குக் கண்ணாடியோடும் வரும் சொந்தக் குடியிருப்பாளர்கள் வெளியே நிற்பார்கள். கடைசியில் செக்யூரிட்டி கையால்தான் திறந்துவிடுவார், அதற்கு இந்தக் கருவியே வேண்டியதில்லை. பொதுக்குழுவில் அந்தரங்கம் பற்றிப் பேசினால் எடுபடாத இடத்தில் இந்தக் கணக்கு எடுபடும்.

கடவுச்சொல் கசிந்தால் மாற்றலாம், முகத்தை மாற்ற முடியாது. உங்கள் கணவரின் பழமொழிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மடியில் கனம் இல்லாதவருக்கு வழியில் கள்வர் பயம் இல்லை என்பதுதான் அதன் பொருள். மடியை அவிழ்த்துக் காட்டிவிட்டுப் போ என்று வழியில் நிற்பவர் கேட்கலாம் என்று அது சொல்லவில்லை.

புதிய சட்டத்தை எப்போது நம்பலாம்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அமைக்கும் பிரிவுகள் உடனே அமலுக்கு வந்தன. உங்களுக்கு வேண்டிய சம்மதம், அறிவிப்பு, அழிக்கக் கோரும் உரிமை ஆகியவை பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில். இதே சட்டம் ஆர்டிஐயின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்ற பெயரில் அதிகாரிகள் மறுப்பதை எளிதாக்கியது. அந்தத் திருத்தம் மட்டும் காத்திருக்கவில்லை, உடனே அமலுக்கு வந்துவிட்டது. மக்கள் அரசிடம் கேட்கும் உரிமை முதலில் சுருங்கியது, மக்களின் தரவுக்கான காப்பு பின்னால் வருகிறது. இந்த வரிசை தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அபராதம் 250 கோடி வரை என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது அரசின் கஜானாவுக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. பொய்ப் புகார், அற்பப் புகார் என்று வாரியம் கருதினால் புகார் தந்தவருக்குப் பத்தாயிரம் வரை அபராதம் உண்டு.

அதுவரை உங்களுக்கு உதவுவது பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் அதன் 2011 விதிகளும். கைரேகை, முகம் போன்றவை அந்த விதிகளில் 'சென்சிட்டிவ்', அதாவது கூடுதல் காப்பு வேண்டிய தனிநபர்த் தகவல். வாங்க எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் விவரத்தை இணையதளத்தில் போட்டு, ஒரு மாதத்துக்குள் புகாரைத் தீர்க்க வேண்டும். வணிக நோக்கம் இல்லாத உங்கள் சங்கத்தை இது கட்டுமா என்பது சந்தேகம். ஆப் நடத்தும் நிறுவனத்தைக் கட்டும். ஆகவே ஒரு கடிதம் அங்கேயும் போகட்டும். நஷ்டஈடும் இந்தச் சட்டத்தில்தான் உண்டு, ஆனால் உண்மையான இழப்பைக் காட்டியாக வேண்டும். உங்களுக்கு இதுவரை இழப்பு இல்லை, இல்லாமலே இருக்கட்டும்.

ரிட் வேண்டாம். அது பெரும்பாலும் அரசுக்கு எதிராகப் போடும் மனு, சங்கம் அரசு அமைப்பு இல்லை. அடிப்படை உரிமையைத் தனியார் மீதும் நிலைநாட்டலாம் என்று 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னது உண்மை. ஆனால் அதை ஓர் அசோசியேஷனுக்கு எதிராக ஓட்டிப் பார்க்கும் முதல் ஆளாக, பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருக்கும் நீங்கள் ஆக வேண்டியதில்லை.

எழுத வேண்டிய கடிதம்

இதுவரை எல்லாம் வாய்ப்பேச்சாக இருந்திருக்கிறது. இனி எழுத்தில் இருக்கட்டும். செக்ரட்டரிக்குப் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட், கூடவே மின்னஞ்சல். முதல் வரியே மறுப்பாக இருக்கக் கூடாது. இப்படித் தொடங்குங்கள்:

"என் அடையாளத்தைக் காட்ட எனக்கு ஆட்சேபணை இல்லை. வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் அல்லது ஆதார் க்யூஆர் குறியைச் சங்க அலுவலகத்தில் நேரில் காட்டத் தயாராக இருக்கிறேன். நகலோ முகப்பதிவோ தரச் சம்மதமில்லை. ஆதார் சட்டம் 8ஏ பிரிவின்படி மாற்று வழியைத் தெரிவிக்கக் கோருகிறேன்."

பிறகு கேள்விகள். இதற்கான தீர்மானம் பொதுக்குழுவிலா நிர்வாகக் குழுவிலா, எந்தத் தேதியில் நிறைவேறியது? படங்களும் முகப்பதிவும் எங்கே இருக்கின்றன, குடியிருப்பில் உள்ள கருவியிலா, ஆப் நிறுவனத்தின் சர்வரிலா? யார் யார் பார்க்க முடியும்? வீடு காலி செய்தபின் எத்தனை நாளில் அழிப்பீர்கள்? ஆப் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தில் இதுபற்றி என்ன இருக்கிறது? பதினைந்து நாள் கெடு கொடுங்கள்.

உங்கள் கணவர் அனுப்பியவற்றை அழிக்கக் கோரும் கடிதத்தில் அவரே கையெழுத்திட வேண்டும், சம்மதம் அவர் கொடுத்தது. பிள்ளைகளுக்காக நீங்களோ அவரோ எழுதலாம். அனுப்பி இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிட்டால் வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அழிக்கும் வசதி பெரும்பாலும் வேலை செய்யாது, செய்தாலும் ஏற்கனவே கேலரியில் இறங்கிய படமும் கூகுள் போட்டோஸில் ஏறிய படமும் அப்படியே இருக்கும். எனவே "குரூப்பிலிருந்து நீக்கினேன்" என்ற பதிலை ஏற்காதீர்கள். ஒன்பது பேரும் தத்தம் போனிலிருந்தும் பேக்கப்பிலிருந்தும் அழித்ததாக எழுத்தில் கேளுங்கள். முழுக்க நடக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நாளை ஒரு நகல் வெளியே போனால், அழித்தேன் என்று கையெழுத்திட்டவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

உங்களையோ பிள்ளைகளையோ கேட்டில் மறித்தால் அது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி குற்றம்: ஒரு மாதம் வரை சிறை அல்லது ஐந்தாயிரம் வரை அபராதம். புகார் கொடுத்தால் உத்தரவிட்டவர் பெயரைக் குறிப்பிடுங்கள். ஒப்பந்தக் கூலிக்கு நிற்கும் செக்யூரிட்டி மேல் அதைப் போடாதீர்கள். தண்ணீர், மின்சாரம், லிஃப்ட் போன்றவற்றில் கை வைத்தால் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் போகலாம். ஆனால் உங்கள் ஒப்பந்தம் அங்கே பதிவாகியிருக்க வேண்டும், பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். பார்சல் மேலே வராததற்கு மட்டும் சட்டத்தில் மருந்து இல்லை, கேட்டுக்குப் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலைக்கு வரும் அம்மா

உங்கள் கடிதத்தில் அவர் இரண்டு வரியில் வந்து போகிறார். எனக்கு உங்கள் வழக்கைவிட அவர் வழக்குத்தான் வலுவாகத் தெரிகிறது. நீங்கள் மறுத்தால் சங்கடம், அவர் மறுத்தால் பட்டினி. அந்த நிலையில் வைத்த விரலைச் சம்மதம் என்று சொல்வது கடினம். ஒரே குடியிருப்பில் நாலைந்து வீட்டில் வேலை செய்பவர் என்றால், ஆப்பில் ஒருவர் ஒரு நட்சத்திரம் போட்டு முடக்கினால் எல்லா வீடும் ஒரே நாளில் போகும். முறையிட இடம் கிடையாது. பையைத் திறக்கச் சொல்ல தனியார் காவலாளிக்கு எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை.

அவருடைய ஆதார் படமும் கைரேகையும் ஒரே ஆப்பில் இருக்கின்றன. பெரும்பாலான கருவிகள் ரேகையின் படத்தை வைக்காமல், அதிலிருந்து எடுத்த புள்ளிக் கணக்கை மட்டும் வைக்கும். இந்தக் கருவி எதை வைக்கிறது என்று ஆப் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் கேளுங்கள். படம் இருந்தால் உடனே அழிக்கச் சொல்லுங்கள். சங்கத்திடம் கைரேகைக்குப் பதிலாக அட்டை அல்லது எண் முறை கேளுங்கள், பல கருவிகளில் அந்த வசதி ஏற்கனவே உண்டு.

அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து உடனே அவர் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிடாதீர்கள். பூட்டினால் ரேஷன் கடையில் விரல் எடுக்காது, மாதக் கடைசியில் அரிசி இல்லாமல் திரும்பி வருவார். வீட்டில் முதியோர் பென்ஷனுக்கு விரல் வைப்பவர் இருந்தால் அவருக்கும் இதே சிக்கல். தற்காலிகமாகத் திறக்க ஓடிபி வரும் போன் கையில் இருக்க வேண்டும், பல வீடுகளில் அது மகன் போன். பதிலாக வங்கிக் கிளைக்குப் போய், ஆதார் வழிப் பணம் எடுக்கும் வசதியைக் கணக்கில் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். மகளிர் உரிமைத் தொகை வரும் கணக்கு என்றால் பணம் வந்து விழுவது இதனால் நிற்காது, விரல் வைத்து எடுப்பது மட்டும் நிற்கும். ஏடிஎம் அட்டை இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் தனியாகச் சங்கத்துக்கு எழுதக் கூடாது. அவரை வேலைக்கு வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து கையெழுத்திட்டு எழுதுங்கள். சட்ட உதவி தேவைப்பட்டால், பெண் என்ற ஒரே காரணத்தால் வருமான வரம்பு இல்லாமல் இலவசமாகப் பெற உங்கள் இருவருக்குமே உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், தொலைபேசி 15100. வழக்குக்கு முந்தைய சமரச மனுவாகவே போடலாம், கட்டணம் இல்லை.

ஓனரும் ஒப்பந்தமும்

ஆப்பில் சேராதது வீட்டைக் காலி செய்யச் சொல்லக் காரணம் ஆகாது. ஆனால் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் புதுப்பிக்காமல் விட ஓனருக்கு உரிமை இருக்கிறது. மூன்று மாதத்தில் நடக்கக்கூடிய நிஜமான ஆபத்து அதுதான், எனவே அவரோடு மோதாதீர்கள். சங்கத்தில் உறுப்பினர் அவர்தான், நீங்கள் இல்லை. தீர்மான நகல் கேட்கவும் பொதுக்குழுவில் பேசவும் உரிமை அவருக்குத்தான் உண்டு. வாடகைதாரர்களின் நகல் கசிந்தால் தன் வீட்டு முகவரியில்தான் போலி சிம்மும் கடனும் பதிவாகும் என்பதை அவருக்குச் சொல்லுங்கள், அது அவருக்கும் புரியும். அடுத்த பொதுக்குழுவுக்கு அவரோ, துணை விதி அனுமதித்தால் அவர் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதத்தோடு நீங்களோ கொண்டுபோக வேண்டிய தீர்மானம் இது:

"அடையாளச் சான்று நேரில் பார்க்கப்படும், நகல் வாங்கப்படாது. இதுவரை வாங்கிய நகல்களும் கைரேகைப் பதிவுகளும் முப்பது நாளில் அழிக்கப்பட்டு, அழித்த விவரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். முகப்பதிவு விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும், மற்றவர்களுக்கு அட்டை. வேலைக்கு வருபவர்களுக்கு மதிப்பெண் இடும் வசதி நிறுத்தப்படும்."